கட்டடங்களுக்கும் பரீட்சை வேண்டும்

பல்கலைக்கழகமென்பது கல்லாலும் சீமெந்தாலும் ஆனதன்று, அறிவை நாடிக் கூடியோரின் சமூகமே அது என்று கூறுவது எமது மேடைகளில் நெடுங்கால வழக்கு. புதுமுக மாணவரை வரவேற்கும் கூட்டத்தில் இதனைக் கேட்கின்றோம்; பட்டமளிப்பு விழாவிலும் கேட்கின்றோம். கேட்பதற்கு இனிய கூற்றே. ஆயினும் இக்கூற்றின் நிழலில் ஒரு பெரும் அசிரத்தை வளர்ந்து வந்துள்ளது என்பதே இக்கட்டுரையின் வாதம். அறிவை நாடிய அச்சமூகம் வெட்டவெளியிற் கூடுவதில்லை. ஒரு கூரையின் கீழ்க் கூடுகின்றது. மாடிப்படிகளில் ஏறி இறங்குகின்றது. மின்கம்பி ஓடும் சுவரின் அருகே கட்டிலிட்டு உறங்குகின்றது. அந்தக் கூரையும் படியும் கம்பியும் எந்நிலையில் உள்ளன என்று கேட்பவனைச் சில்லறை விடயம் பேசுபவன் என ஒதுக்கும் மனப்பாங்கு எம்மிடையே வேரூன்றியுள்ளது. மெய்யியல் பயில்வோர் பீலி அடைத்திருப்பது பற்றிப் பேசலாகாதாம்!

ஒரு மாணவன் தன் பட்டப்படிப்புக் காலத்தில் எத்தனை பரீட்சைகளுக்குத் தோற்றுகின்றான் என்பதை எவரும் அறிவர். நடுத்தவணைப் பரீட்சை, இறுதிப் பரீட்சை, வாய்மொழிப் பரீட்சை, தவறினால் மறுபரீட்சை. அவன் அமர்ந்து எழுதும் கட்டடமோ தன் ஆயுளில் ஒரேயொரு பரீட்சைக்குத்தான் தோற்றுகின்றது. அதன் பெயர் திறப்பு விழா. பரீட்சகர் பெரும்பாலும் ஓர் அமைச்சர். வினாத்தாள் ஒரு பட்டு நாடா. நாடா வெட்டுண்ட கணத்திற் கட்டடம் முதற்பிரிவிற் சித்தியெய்தி விடுகின்றது. அதன்பின் நாற்பது ஆண்டு, ஐம்பது ஆண்டு வரை அதனிடம் எவரும் எதனையும் வினவுவதில்லை. இருநூறு பேருக்கென அமைத்த மண்டபத்தில் நானூறு பேர் நெருக்கப்படும்போதும், நூலறையாக இருந்தது களஞ்சியமாகவும் களஞ்சியம் படுக்கையறையாகவும் மாறும்போதும் அது பழைய சித்தியின் பெருமையிலேயே நிற்கின்றது.

இவ்வாறு வினவாமல் விட்டதன் விலை யாதென்பதற்கு எம் அயலிலேயே ஒரு சான்று உண்டு. டாக்காப் பல்கலைக்கழகத்தின் ஜகன்னாத் மண்டபம், சிறுபான்மைச் சமயங்களைச் சார்ந்த மாணவர் தங்கும் விடுதி. அதன் வளவினுள் ஒரு பழைய கட்டடம் இருந்தது. ஒரு காலத்தில் மாகாணச் சட்டசபை கூடிய இடம். பிற்காலத்தில் மாணவர் கூடித் தொலைக்காட்சி பார்க்கும் இடமாயிற்று. 1985 ஒக்டோபர் 15 ஆம் நாள் இரவு, மழைநாளில், ஒரு தொடர் நாடகத்தைப் பார்ப்பதற்காக மாணவர்களும் ஊழியர்களும் விருந்தினரும் அங்கு கூடியிருந்தனர். கூரை அவர்கள் மீது இடிந்து வீழ்ந்தது. ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் மாணவர். அந்நாளை டாக்காப் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் துக்கதினமாக அனுட்டிக்கின்றது. வீழ்ந்த கட்டடம் இருந்த இடத்தில் அம்மாதத்தின் பெயரையே தாங்கிய நினைவுக் கட்டடம் ஒன்று எழுந்துள்ளது.

இந்நிகழ்வைப் படிக்கும்போது எம்மை உறுத்துவது அதன் சாதாரணத்தன்மையே. நிலநடுக்கம் இல்லை, சூறாவளி இல்லை, குண்டுவீச்சு இல்லை. மாணவர் நாடகம் பார்க்க அமர்ந்தனர், அவ்வளவே. ஒரு காலத்தில் சட்டசபை கூடிய பழைய கட்டடம் பிற்காலத்தில் வேறொரு பணிக்கு மாற்றப்பட்டபோது, இக்கூரை இனியும் தாங்குமா என்ற வினாவுக்கு விடை சொல்லும் பொறுப்பு எவரிடம் இருந்தது? அவ்வினாவை ஒவ்வோர் ஆண்டும் எழுப்பும் ஒரு நிலையான ஏற்பாடு இருந்ததா? இவற்றுக்கு விடை காணாமல் துக்கதினம் அனுட்டித்தல் எந்த நாட்டிலும் எளிது. எம் நாட்டில் இத்தகைய துக்கதினம் இன்னும் இல்லை. அதனை எம் கட்டடங்களின் தகுதிக்குச் சான்றாகக் காட்டுவோரும் உளர்.

இத்தகைய அழிவுகளில் மீண்டும் மீண்டும் தென்படும் ஓர் உண்மை உண்டு. கட்டடத்தின் நோயை முதலில் அறிபவர் அதனுள் இருப்பவரே. வங்காளதேசத்தில் 2013 ஏப்பிரல் 24 ஆம் நாள் இடிந்து 1,134 பேரைப் பலிகொண்ட ரானா பிளாசாவின் சுவர்களில் வெடிப்புகள் முதல்நாளே காணப்பட்டன. கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியரை வெளியேற்றியது. தையற் தொழிலாளரோ மறுநாளும் உள்ளே அனுப்பப்பட்டனர். இலண்டனில் 2017 யூன் 14 இல் எரிந்து 72 உயிர்களைக் கொண்ட கிறென்பெல் கோபுரத்தின் குடியிருப்பாளர்கள், பேரழிவு ஒன்றின் பின்னரே தம் குரல் செவிமடுக்கப்படும் என அதற்கு முந்திய ஆண்டிலேயே எழுதி வைத்திருந்தனர். ஒரு தொழிற்சாலை, ஒரு குடியிருப்பு. பல்கலைக்கழகத்துக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு எனலாம். அறிந்தவர் சொல்லிற்கு அதிகாரம் இல்லை, அதிகாரமுடையோர் அங்கு வாழ்வதில்லை என்ற அமைப்பு மூன்றுக்கும் பொதுவானதே.

இனி எம் நாட்டுச் சட்டத்தின் நிலையை நோக்குவோம். 1942 ஆம் ஆண்டு இரு கட்டளைச் சட்டங்கள் நிறைவேறின. ஒன்று 20 ஆம் இலக்கத்தது. அதன்படி இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தது. மற்றது 45 ஆம் இலக்கத்தது. அது தொழிற்சாலைகள் பற்றியது. இரண்டாவது சட்டம் தொழிற்சாலையில் நெரிசல் கூடாதென்கின்றது. காற்றோட்டமும் ஒளியும் போதியளவு வேண்டுமென்கின்றது. தீப்பற்றினால் தப்புவதற்கு வழி வேண்டுமென்கின்றது. உள்ளே ஆள் இருக்கையில் வாயிலைத் திறக்க முடியாதவாறு பூட்டலாகாதென்கின்றது. அதனை நேரிற் கண்காணிக்கப் பரிசோதகர் உளர். அச்சட்டத்துக்குப் பின்னர் திருத்தங்கள் பல வந்தன. ஆயினும் அதன் எல்லை தொழிற்சாலையின் மதிலோடு நின்றுவிட்டது. விரிவுரை மண்டபம் தொழிற்சாலையன்று; மாணவர் விடுதியும் அன்று. ஒரே ஆண்டிற் பிறந்த இரு பிள்ளைகளுள் ஒன்றன் பாதுகாப்பு மற்றதற்குக் கிட்டவில்லை. பிஸ்கற் செய்யுமிடத்துக்கு ஒரு பரிசோதகர் வருவார். பட்டதாரியை உருவாக்குமிடத்துக்கு அவர் வரவேண்டிய கட்டாயமில்லை.

இதிற் கவனித்தற்குரியது மாணவனின் நிலை. விரிவுரையாளரும் எழுதுவினைஞரும் காவலாளியும் ஊழியர் என்ற வகையில் ஏதோவொரு நட்டஈட்டு ஏற்பாட்டினுள் வருவர். மாணவன் ஊழியனல்லன், வாடகைக் குடியிருப்பாளன் எனக் கொள்ளவும் இயலாது, நோயாளியுமல்லன். கட்டடத்தினுள் மிக அதிகமான மணித்தியாலங்களைக் கழிப்பவனே சட்டத்தின் கண்ணில் மிக மெல்லிய நிழலாக இருக்கின்றான். இவனும் யாவன்? தலைநகரில் அறை வாடகைக்கு எடுக்க வசதியுள்ளவன் விடுதியை விட்டு வெளியேறி விடுகின்றான். மலையகத் தோட்டத்திலிருந்தும் வன்னிக் கிராமத்திலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் வந்தவனே எட்டுப்பேர் அறையில் எஞ்சுகின்றான். ஆகவே கட்டடத்தின் இடர் எல்லோர் மீதும் சமமாக வீழ்வதில்லை. இலவசக் கல்வியின் பயனை எவருக்கு அளித்தோமோ, அவர் தலைக்கு மேலேயே பழுதடைந்த கூரையையும் அளித்துள்ளோம்.

பூட்டைப் பற்றி விரிவாகக் கூறவேண்டும். மகளிர் விடுதிகளில் இரவானதும் இரும்புக் கதவு பூட்டப்படுவது பரவலான வழக்கு. நான் அறிந்த ஒரு விடுதியில் மூன்று தளங்கள், நூற்றுக்கு மேற்பட்ட மாணவியர், படிக்கட்டுகள் இரண்டு. அவற்றுள் ஒன்றன் அடியில் நிரந்தரமாகப் பூட்டிய கம்பிக்கதவு. மற்றதன் வாயிலும் இரவிற் பூட்டப்படும். திறப்பு, வளவின் மறுகோடியிலுள்ள காவலறையிற் தொங்கும். யன்னல்களுக்கெல்லாம் களவுக்கு அஞ்சிக் கம்பி அடித்துள்ளனர். அறைக்குள்ளே ஒரே பிளக்கிலிருந்து கேத்தலும் இஸ்திரிப்பெட்டியும் கைத்தொலைபேசிகளும் மின்சாரம் பெறுகின்றன; சமையலறை இல்லாத விடுதியில் மாணவியர் வேறென்ன செய்வர்? ஒரு நள்ளிரவில் அவ்வறையிற் பொறி கிளம்புமாயின் அடுத்து நிகழ்வதை ஊகிக்கப் பொறியியற் பட்டம் வேண்டியதில்லை. இந்த ஏற்பாட்டுக்குச் சொல்லப்படும் காரணம் மாணவியரின் பாதுகாப்பு! எவரிடமிருந்து பாதுகாப்பு, எதிலிருந்து பாதுகாப்பு என்ற வினாவை எழுப்பினால், கேட்பவளின் ஒழுக்கமே விசாரணைக்குள்ளாகின்றது. குடும்ப மானத்தைக் காக்கவென இட்ட பூட்டு, குடும்பத்தின் பிள்ளையைக் காக்குமா என்று எவரும் நோக்கவில்லை. கும்பகோணத்தில் 2004 யூலை 16 ஆம் நாள் ஒரு பாடசாலையிற் தீ மூண்டு 94 குழந்தைகள் மாண்டபோது எம் ஊர்களிலும் கண்ணீர் வடித்தோம். ஓலைக் கூரையைக் குறை கூறினோம். பிள்ளைகள் வெளியேற வழி போதாதிருந்ததைப் பற்றி அவ்வளவு பேசவில்லை. ஓலைக் கூரை எம்மிடம் இல்லையல்லவா!

விடுதிகளிலும் ஆய்வுகூடங்களிலும் தொங்கும் தீயணைப்புக் கருவிகள் பற்றி ஒரு சொல். அவற்றிற் பலவற்றின் மேலுள்ள அட்டையில் இறுதியாக எந்நாளிற் பரிசோதிக்கப்பட்டது என எழுதவேண்டிய கட்டம் வெறுமையாக உள்ளது. பயன்படுத்தும் முறை ஆங்கிலத்தில் உள்ளது. வெளியேறும் வழியைக் காட்டும் அறிவித்தல், இருந்தால், சிங்களத்தில் உள்ளது. தமிழ் 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் ஆட்சிமொழியானது. பெயர்ப்பலகையிற் தமிழ் எத்தனையாவது வரியில் வருகின்றது என்பதற்காக நாம் நடத்தும் வாதங்கள் தேவையானவையே. ஆயினும் புகை நிறைந்த நடைபாதையில் முதன்முறையாக நிற்கும் ஒரு முதலாண்டு மாணவனுக்கு, வாசிக்கத் தெரிந்த எழுத்தில் ஓர் அம்புக்குறி வேண்டும் என்ற கோரிக்கையை எந்த மொழியுரிமைப் பட்டியலிலும் நான் கண்டதில்லை. தமிழ்ச் சங்கங்கள் தம் பணியாகக் கொள்ளத்தக்கது இது.

தீ சடுதியிற் கொல்வது. மெல்லக் கெடுப்பவையும் உண்டு. மண்டபத்தின் காற்றை எடுத்துக்கொள்வோம். மூடிய அறையில் மனிதர் வெளியிடும் கரியமிலவாயு எவ்வளவு சேர்ந்தாற் காற்று கெட்டதெனக் கொள்ளலாம் என்பதை மியூனிச் நகரின் மக்ஸ் வொன் பெற்றன்கோபர் 1858 இலேயே வரையறுத்தார்: ஆயிரத்தில் ஒரு பங்கு. வெளிக்காற்றில் இன்று அது பத்து இலட்சத்தில் 420 பங்கைத் தாண்டியுள்ளது. யன்னல்களை அடைத்து, குளிரூட்டியை இயக்கி, முந்நூறு பேரை இரண்டு மணித்தியாலம் இருத்தினால் பெற்றன்கோபரின் எல்லை எந்நேரத்தில் மீறப்படும் என்பதை அளப்பதற்கான கருவி இன்று ஒரு நல்ல அகராதியின் அளவே பெரியது. பிற்பகல் விரிவுரையில் உறங்கும் மாணவனைச் சோம்பேறி என்பதன் முன் அக்கருவியை ஒருமுறை பார்ப்பது நன்று. விரிவுரையாளருள்ளும் சிலர் இதனை வரவேற்பர். உறக்கத்துக்குத் தம் உரை காரணமன்று என்பதற்கு அது சான்றாகக்கூடும்.

இந்நாட்டில் நல்ல கட்டடம் அமைக்கத் தெரியாமலா இந்த நிலை ஏற்பட்டது? பேராதனை வளாகத்தைச் சேர் பற்றிக் அபர்குறொம்பியும் கிளிபர்ட் ஹொலிடேயும் திட்டமிட்டனர். ஷேர்லி டி அல்விஸ் அதன் கட்டடங்களுக்கு உருக்கொடுத்தார். அகன்ற விறாந்தைகளும் தாழ்ந்த இறவாரங்களும் மழையை விலக்கிக் காற்றை உள்ளே விட்டன. 1980 களில் ஜெப்ரி பாவா மாத்தறையில் றுகுணுப் பல்கலைக்கழகத்தைக் குன்றின் சரிவுக்கும் கடற்காற்றுக்கும் இணங்க அமைத்தார். இவற்றைப் போற்றி எழுதிய நாமே, பின்னர் வெயிலை நோக்கிக் கண்ணாடிச் சுவர் எழுப்பி, திறக்க முடியாத யன்னல் பொருத்தி, குளிரூட்டி இன்றேல் மூச்சுவிட இயலாத பெட்டிகளைக் கட்டத் தொடங்கினோம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது இப்பெட்டிகளின் செயல்திறனை இயற்கையே பரீட்சித்துவிட்டது. பெறுபேற்றை எவரும் பதிவு செய்யவில்லை. 2020 இல் கொள்ளைநோய் வந்து பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோதும் காற்றோட்டம் பற்றிய பாடம் ஒன்று கிடைத்தது. வாயிலிற் கைகழுவும் தொட்டிகளைப் பொருத்தினோம். தொட்டிகள் இப்போது வரண்டு கிடக்கின்றன. யன்னல்கள் அன்றும் திறக்கவில்லை, இன்றும் திறக்கவில்லை.

தலைக்கு மேலுள்ள கல்நார்த் தகட்டின் கதை இன்னும் விசித்திரமானது. அஸ்பெஸ்ரஸ் சீற் என நாம் அறிந்த அத்தகட்டின் எல்லா வகைகளும் மனிதரிற் புற்றுநோய் விளைவிப்பன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் உறுதிப்படுத்திய முடிபு. முழுமையாக இருக்கும் தகடு பெருந்தீங்கு செய்வதில்லை. அறுக்கும்போதும் துளையிடும்போதும் உடையும்போதும் வெளிப்படும் நுண்ணிழைகளே நுரையீரலில் தங்குகின்றன. நோய் தோன்ற இருபது முதல் ஐம்பது ஆண்டுகள் வரை ஆகலாம். இருபது வயதில் இழையை உட்கொண்டவன் ஓய்வூதிய வயதில் அதன் பெறுபேற்றை அறிவான். இலங்கை அரசு 2018 முதல் கல்நார் இறக்குமதியைக் கட்டுப்படுத்த எண்ணியது. 2017 டிசம்பரில், எமது தேயிலைப் பொதியொன்றில் வண்டு காணப்பட்டதென்று கூறி, கல்நாரைப் பெருமளவில் ஏற்றுமதி செய்யும் ருஷ்யா எமது தேயிலைக்குத் தடை விதித்தது. கட்டுப்பாடு உடனே கைவிடப்பட்டது. தேயிலைத் தடையும் நீங்கியது. ஒரு வண்டின் எடை எம் நுரையீரல்களின் எடையிலும் மிகுதி என்பது அன்று அளந்தறியப்பட்டது. சர்வதேச வர்த்தகத்தை மாணவர் மாற்ற இயலாது என்பது உண்மை. ஆயினும் எந்தக் கூரை கல்நாரால் ஆனது, எத்தகடு உடைந்துள்ளது, விடுமுறையில் மின்விசிறி பொருத்த வருபவர் எதனைத் துளையிடுகின்றார் என்ற பட்டியலை ஒரு பல்கலைக்கழகம் வைத்திருப்பதை எந்த ருஷ்யாவும் தடுக்கவில்லை.

ஏனையவற்றை விரைவிற் கூறுகின்றேன். தட்டைக் கூரையிலும் பீலியிலும் தேங்கிய நீர் நுளம்புக்கு நாற்றுமேடை. 2017 இல் இந்நாட்டில் 186,000 இற்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராக அறிவிக்கப்பட்டனர். மலைச்சரிவில் வெட்டி எழுப்பிய விடுதிகளுக்கு மண்சரிவு இடர் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டைச் சிதைத்தபின் இதற்கு மேலும் விளக்கம் தேவையில்லை. ஆய்வுகூடங்களின் இரசாயனப் பொருட்களைப் பற்றி விஞ்ஞானபீட நண்பர் ஒருவர் எழுதுவதே தகும். சக்கர நாற்காலியில் வரும் மாணவனுக்கு நூலகத்தின் இரண்டாம் மாடி எவ்வளவு தொலைவு என்பதைப் பற்றி 1996 இற் சட்டம் வந்தது; 2006 இல் ஒழுங்குவிதிகள் வந்து, இருக்கின்ற பொதுக் கட்டடங்களுக்கு மூன்றாண்டு தவணை அளித்தன; 2011 இல் உயர் நீதிமன்றமும் வலியுறுத்தியது. தவணை முடிந்த ஒப்படையை எம்மிடமிருந்து எந்த விரிவுரையாளரும் இவ்வளவு காலம் ஏற்கமாட்டார்.

இவை அனைத்துக்கும் நிருவாகத்தின் விடை ஒரே சொல்: பணமில்லை. இவ்விடையை நான் முற்றாக மறுக்கவில்லை. 1942 இல் ஆயிரம் மாணவரையும் எட்டாதிருந்த உயர்கல்வி இன்று ஆண்டுதோறும் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோரை உள்வாங்குகின்றது. திறைசேரியின் நிலையும் நாடறிந்தது. எனினும் பணம் எவ்வாறு இல்லாமற் போகின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். புதிய கட்டடம் மூலதனச் செலவு. அதற்குக் கடன் கிடைக்கும், வெளிநாட்டு உதவி கிடைக்கும், அடிக்கல்லில் ஒரு பெயரும் பொறிக்கலாம். பராமரிப்பு மீண்டுவரும் செலவு. பீலியைத் துப்புரவாக்கியமைக்காக எவருக்கும் நினைவுக்கல் நாட்டப்பட்டதில்லை. கொங்கிறீற்றின் உள்ளே நீர் கசிந்தால் இரும்புக் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பிலும் பன்மடங்கு பருமனுடையது. அது வீங்கிக் கொங்கிறீற்றைப் பிளக்கும். பிளவின் வழியே மேலும் நீர் செல்லும். ஒல்லாந்துப் பொறியியலாளர் டி சிற்றர் 1984 இல் இதனை ஓர் எளிய கணக்காகக் கூறினார்: ஆரம்பத்தில் ஒரு ரூபா செலவிட மறுத்தால் பராமரிப்பில் ஐந்து ரூபா, அதனையும் மறுத்தால் பழுதுபார்ப்பில் இருபத்தைந்து, அதனையும் மறுத்தால் புதுப்பித்தலில் நூற்றிருபத்தைந்து. நாம் செய்வது யாது? பட்டமளிப்பு விழாவுக்கு இரு வாரம் முன்னர் வெடிப்பின் மேல் வெள்ளை பூசுகின்றோம். தவிரவும், மிகப் பெரிய இடர்களுட் சில மிக மலிவானவை. ஒரு பூட்டைக் கழற்றுவதற்கு உலக வங்கியிடம் போகவேண்டியதில்லை.

எனவே நான் கோருவது கட்டடங்களுக்கான ஓர் ஆண்டுப் பரீட்சை. பொறியியலாளர் மட்டும் வந்து பார்த்துப் பதிவாளருக்கு இரகசியமாக அறிக்கை அனுப்பும் ஏற்பாட்டை நான் கருதவில்லை. கட்டடத்தில் உறைவோரிடம் வினவி அதன் செயல்திறனை மதிப்பிடும் துறை எங்கு தொடங்கியது என்பதை நோக்கினால் இதன் நியாயம் புலப்படும். கலிபோர்ணியாவின் பேர்க்கிளிப் பல்கலைக்கழகத்தில் எழுந்த மாணவர் விடுதிகளைச் சிம் வான் டெர் றின்னும் அவருடைய சகாவும் ஆராய்ந்து 1967 இல் ஒரு நூல் வெளியிட்டனர். வரைபடம் தீட்டியவர் எண்ணிய வாழ்க்கை வேறு, அவ்வறைகளில் மாணவர் உண்மையில் வாழ்ந்த வாழ்க்கை வேறு என்பதை அது காட்டியது. இத்துறையின் முன்னோடி முயற்சிகளுள் ஒன்று மாணவரிடமே வினவி எழுதப்பட்டது! கலைப்பீடத்தவனுக்கு இதில் என்ன வேலை என்போருக்கும் விடை இதுவே. வினாக்கொத்து அமைத்தல், நேர்காணல், இடத்தின் பயன்பாட்டை அவதானித்தல் யாவும் சமூகவியல், புவியியல் மாணவர் பயில்பவை. தலைவலி, கண்ணெரிவு, மூச்சிரைப்பு ஆகியன ஒரு கட்டடத்தினுள் தோன்றி வெளியே சென்றதும் மறைவதை உலக சுகாதார நிறுவனம் 1983 இல் நோய்க்கட்டடக் குறிகளாக இனங்கண்டது. அதனைக் கண்டறியும் முதற்கருவி நோயுற்றவரின் வாய்மொழியே.

இப்பரீட்சையில் ஒரு நுணுக்கம் உண்டு. இடரை அது நிகழும் வாய்ப்பாலும் விளைவின் கடுமையாலும் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, கட்டடத்துக்கு நூற்றுக்கு இத்தனை எனப் புள்ளி வழங்கும் முறைகள் இப்போது பல வந்துள்ளன. அவை பயனுடையன, ஏமாற்றவும் வல்லன. ஒளி நன்று, நிறம் நன்று, தோட்டம் நன்று எனத் தொண்ணூறு புள்ளி பெற்ற கட்டடத்தின் அவசர வாயில் பூட்டியிருக்குமாயின் அது சித்தியெய்திய கட்டடமாகுமா? எமது வினாத்தாள்களிற் கட்டாய வினா என ஒன்று இருப்பதைப் போல இங்கும் வேண்டும். வெளியேறும் வழி, மின்னிணைப்பு, கூரையின் உறுதி, குடிநீர் ஆகிய நான்கும் கட்டாய வினாக்கள். இவற்றுள் ஒன்றிற் தவறினும் ஏனைய புள்ளிகளை எண்ணவேண்டாம். பெறுபேற்றை எங்கள் பெறுபேறுகளை எங்கு ஒட்டுகின்றார்களோ அங்கேயே, வாயிலில், மும்மொழியிலும் ஒட்டவேண்டும். பீதி பரவும், நிறுவனத்தின் மதிப்புக் குன்றும் என்பர். எமது சுட்டெண்ணுக்கு எதிரே தவறியவர் என்று எழுதி ஒட்டும்போது எமது பீதியையும் மதிப்பையும் எவரும் நினைப்பதில்லையே.

மாணவர் இயக்கத்தினரிடமும் ஒரு வினா உண்டு. கோரிக்கைப் பட்டியல்களிற் புதிய விடுதி, கூடிய உதவிப்பணம், குறைந்த விலையில் உணவு என்பன இடம்பெறுகின்றன, அனைத்தும் நியாயமானவை. இருக்கின்ற விடுதியின் இரண்டாவது படிக்கட்டைத் திறவுங்கள் என்ற வரியை அவற்றிற் காண்பது அரிது. மேலும், பகிடிவதையின் பெயரால் நடைபாதை விளக்குகளை அணைப்பதும் கட்டிலை வாயிலின் குறுக்கே இடுவதும் எம் கைவேலையே அன்றி நிருவாகத்தினது அன்று.

பேரவை இப்பரீட்சையை ஏற்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும். எமது விடுதியின் மின்னிணைப்பு இறுதியாக எந்நாளிற் பரிசோதிக்கப்பட்டது, அறிக்கை எங்கே, எத்தனை மாணவருக்கென அக்கட்டடம் வரையப்பட்டது, இப்போது எத்தனை பேர் உள்ளனர், எக்கூரைகள் கல்நாரால் ஆனவை, இரவில் எந்த வாயில் எவரது உத்தரவின்படி பூட்டப்படுகின்றது என எந்தப் பிரசையும் எழுதிக் கேட்கலாம். காரணம் கூறவேண்டியதில்லை. தகவல் அலுவலர் பதினான்கு வேலை நாட்களினுள் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதன்மேல் ஆணைக்குழு உண்டு. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம்.